இந்த ஊடு விற்பனைக்கு

புதுச்சத்திரம்
30.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சாலா எழுதுகிறேன்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நலம் விசாரிக்கிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் ராய்ப்பூரில் தனியாக உட்கார்ந்து சிரிப்பதைவிட நானே சொல்வது மேல்.

நீங்கள் எழுதியபடி வீட்டை விற்கப் பலகை வைத்தேன். லாரிகளுக்குப் பெயர் எழுதும் நம் சடையனைப் போனில் பிடித்தேன். "என்ன எழுதோணும்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்றான். நானும் "இந்த ஊடு விற்பனைக்கு" என்றேன். நான் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதிக் கொண்டுவந்து ரோட்டோரம் நட்டுவிட்டான். இந்த ஊடு விற்பனைக்கு. சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம், நாலு மூலையிலும் தாமரை. சேலம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு முகம், நாமக்கல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஒரு முகம், இரண்டிலும் அதேதான்.

அதோடு விட்டானா? அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்ததாம். லாரிக்குப் பின்னால் எழுதுகிற கைப்பழக்கத்தில் "ஒலி எழுப்பவும்" என்றும் எழுதிவிட்டான்.

மானக்கேடு அது இல்லை அண்ணா. நான் பலகையைச் சுற்றி வந்து படித்துவிட்டு "நல்லாத்தான்டா எழுதியிருக்கே" என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். அஞ்சாவது படித்தவள், வேறு என்ன செய்வேன்? காரில் போன ஒரு ஜோடி இறங்கிப் படம் எடுத்துச் சிரித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. சடையனைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"நீங்க சொன்னதத்தானுங்கக்கா எழுதினேன்."

"ஒலி எழுப்பவும்னு நானாடா சொன்னேன்?"

"அது என்ற பங்குக்கு நான் எழுதினதுங்க."

அந்த ஜோடி சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. "வீட்டைப் பாக்கலாமாங்க?" என்று உள்ளே வந்தார்கள். பையன் பெயர் நவீன்குமார், புதுசாகக் கல்யாணம் ஆனவன். வாங்குகிற ஆட்கள் இல்லை. ஆனாலும் சாயங்காலம் வரை இருந்து பேசிவிட்டுத்தான் போனார்கள்.

புரோக்கர் காளியண்ணன் சொல்வது இது: "ஆடி வருது அம்மிணி. ஆடியில ஒருத்தனும் ஊடு பேச மாட்டான். ஆவணி வரட்டும். ரோட்டு மேல இருக்கற ஊடு, விலை எறங்காது."

நீங்கள் அங்கேயே இருந்துவிடுவதாக எழுதிவிட்டீர்கள். நானும் குமாரபாளையத்தில் மகள் தேவிப்ரியாவோடு போய் இருப்பதாக ஆகிவிட்டது. அப்பா நம் இரண்டு பேர் பெயரிலும் எழுதிவைத்த வீட்டைப் பூட்டிவைத்தால் கரையான்தான் குடியேறும். விற்பதுதான் சரி. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

காது எப்படி இருக்கிறது? போர் போடும் ரிக் வண்டிக் கம்ப்ரசர் தின்றதுபோக மிச்சம் ஏதாவது இருக்கிறதா? போனில் நான் கத்தினால் எதிர்க்காட்டு நாய் பதில் சொல்கிறது, நீங்கள் சொல்வதில்லை. அதனால்தான் கடுதாசி. உங்களுக்குக் காது போனதில் எனக்கு எழுத்து வந்தது.

எனக்கு முழங்கால் வலி தவிர குறை ஒன்றும் இல்லை. கோழிப்பண்ணையில் முட்டை அடுக்கப் போகிறேன், மதியம் வந்துவிடுகிறேன். கோழிகள் நான் சொல்வதை நன்றாகக் கேட்கின்றன. பதில்தான் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஊடு விற்கும் தங்கை
சாலம்மாள்


ராய்ப்பூர்
14.7.2024

தங்கை சாலம்மாளுக்கு அண்ணன் செங்கோடன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்காலுக்குத் தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்றவும்.

சடையனை உடனே கூப்பிட்டு "வீடு" என்று திருத்து. ஒலி எழுப்பச் சொன்னதையும் அழிக்கச் சொல். படித்தவர்கள் போகிற ரோடு.

ஆடியில் ஆள் வராது என்று சும்மா உட்காராதே. விற்கப்போகிற வீட்டை ஒழுங்கு பண்ணுவதற்கு ஆடியை விட்டால் மாதம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன் மொட்டை மாடியைக் கூட்டி, தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைத்திருக்கிறதா பார். கைப்பிடிச் சுவர் விரிசலுக்குச் சிமெண்டு பூசு. வேப்பங்கிளை தளத்தில் உரசினால் வெட்டிவிடு. வடக்கு அறைச் சுவரில் ஈர ஓதம் ஏறிய இடத்தை வெள்ளையடித்து மறைக்காதே, வாங்க வருகிறவன் கையை வைத்துப் பார்ப்பான். மேற்கு அறையைக் காலையில் காட்டு. மதியத்துக்கு மேல் அது அடுப்பு. பட்டா, வரி ரசீது, கரண்டு பில், வில்லங்கச் சான்று எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், ஆள் வந்தபின் தேடக் கூடாது.

குறையை நீயாகச் சொல்லாதே. கேட்டால் மறைக்காதே.

தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள். போர் நான் போட்டது என்று சொல். எந்தக் கோடையிலும் வற்றியதில்லை, இளநீர் மாதிரி இருக்கும் என்று சொல். நான் போட்ட போர்களில் அதுதான் நல்ல போர்.

நான் இப்போது ரிக்கில் ஏறுவதில்லை. வண்டிகள் நிற்கும் யார்டில் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறேன். காது அப்படியேதான். இங்கே யாரும் என்னிடம் பேசுவதில்லை, அதனால் தொந்தரவு இல்லை.

செங்கோடன்


புதுச்சத்திரம்
8.8.2024

பிரியமுள்ள அண்ணனுக்கு சாலா. முழங்கால் தைலத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டது. உங்கள் சமையல் உங்கள் வயிற்றுக்குக் கட்டுப்படுகிறதா என்று எழுதவும். கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்ன வயதில் ரிக்கைக் கட்டிக்கொண்டீர்கள். அது சோறு போட்டது, குழம்பு வைக்கவில்லை.

நீங்கள் சொன்னதெல்லாம் ஆயிற்று. மாடி கூட்டினேன், குழாயில் இலையோடு ஒரு பந்தும் கிடந்தது. கொத்தனார் வந்து விரிசலைப் பூசினார். கிளையை வெட்டியாயிற்று. பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கு லாரிகளெல்லாம் புதுப்பெயர் எழுத நின்றதால் சடையனுக்குக் கை ஒழியவில்லை. நானும் ரொம்ப நெருக்கவில்லை.

காளியண்ணன் சொன்னது தப்பு. ஆடியிலும் ஆள் வருகிறது. பலகையைப் படித்துச் சிரிப்பதற்கு நிற்கிறார்கள், நின்ற பாவத்துக்கு உள்ளே வருகிறார்கள். லாரிக்காரர்கள் நிற்பதில்லை, ஆனால் எழுதியிருக்கிறதே என்று ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது சமையலறையிலிருந்தே "ஆமாஞ் சாமி, பாத்துப் போங்க" என்று சொல்லிக்கொள்கிறேன்.

ராசிபுரத்திலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நிஜமாகவே வாங்குகிற ஆள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றீர்கள், அவரோ ஒன்றுமே கேட்கவில்லை. பாவம், தெரியாமல் வாங்கிவிடுவாரே என்று ஓதத்தை நானே காட்டினேன். பண்ணை வேலை முடிந்து நான் வருவதற்குள் மதியம் ஆகிவிட்டதால் மேற்கு அறையை அந்த வெயிலில்தான் காட்டும்படி ஆயிற்று.

"ஏனுங்க, அப்பளம் வெச்சாப் பொரியுமாட்ட இருக்குது?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

காபி நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். டம்ளர்களைச் சாயங்காலம் வரை கழுவாமல் அப்படியே கூடத்தில் விட்டிருந்தேன். சோம்பல்தான்.

இனி ஆள் வந்தால் ஆகுமே என்று டம்ளர் கொஞ்சம் புதுசாக வாங்கினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் பேசாவிட்டால் நீங்களாவது பேசுங்கள்.

உங்கள் சாலா


ராய்ப்பூர்
1.9.2024

தங்கை சாலாவுக்கு, இங்கு சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடுதாசியைப் படித்தேன். யார் வந்தார்கள், யார் காபி குடித்தார்கள், யார் சிரித்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. யார் வாங்குவதாகச் சொன்னார்கள் என்று ஒரு வரி இல்லை. நீ வீடு விற்கிறாயா, காபிக் கடை வைத்திருக்கிறாயா?

டீச்சரை மறுநாள் காலையில் வரச் சொல்லியிருக்கலாமே.

ஆவணி போய்க்கொண்டிருக்கிறது. புரட்டாசியில் வந்து பார்ப்பார்கள், கிரயம் பேச மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை நல்ல மாதங்கள், ஆனால் மழை. மார்கழியில் பேச்சே இருக்காது. அதை விட்டால் தைதான். தேவிப்ரியா உனக்கு அறை ஒதுக்கிவைத்திருப்பதாக என் போனுக்கு எழுதியிருந்தாள். நீ அங்கே போய்ப் பேத்தியோடு இருந்தால் எனக்கும் நிம்மதி. காலம் தாழ்த்தாதே.

பலகையைத் திருத்து.

செங்கோடன்


புதுச்சத்திரம்
24.9.2024

அண்ணா, கும்பிடுகிறேன். சளி பிடித்து விட்டுவிட்டது. உங்களுக்குக் குளிர்காலம் வருமுன் கம்பளி வாங்கிக்கொள்ளவும்.

கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்தத் தடவை நிஜமான ஆள் வந்திருக்கிறார். சேலத்தில் மெத்தை வியாபாரம் செய்யும் கரீம் பாஷா என்பவர். கீழே மெத்தைகளை அடுக்கிவிட்டு, மாடியில் கட்டிக் குடியிருக்கலாம் என்று எண்ணம். சம்சாரம் ஷஹர்பானுவும் கூட வந்தது. என் வயசுதான் இருக்கும், என்னைவிட வாய். ரோட்டில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், "பலகையில எழுதியிருந்துச்சே அக்கா, அடிச்சாத்தான் கதவு தொறப்பீங்களோன்னு நெனச்சேன்" என்கிறது.

கரீம் பாஷா சுவரைத் தட்டிப் பார்த்தார். ஓதத்தில் கையை வைத்துப் பார்த்தார். "இத சரி பண்ணிக்கலாம்" என்றார். மேற்கு அறையில் மதியத்தில் நின்று வேர்த்தார். "மெத்தைக்குச் சூடு நல்லதுதான், பூசணம் பிடிக்காது" என்றார். இவரிடம் எதைச் சொல்வது?

பிறகு தண்ணீரைக் கேட்டார். கொஞ்சம் உப்பு என்று சொன்னேன்.

ஷஹர்பானு அதற்குள் சொம்புத் தண்ணீரைப் பாதி குடித்திருந்தது. "உப்பாக்கா? எனக்கு இனிக்குதே" என்றது.

காபி குடித்த வாய்க்கு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

புரட்டாசி கழியட்டும், பிறகு பேசலாம் என்று காளியண்ணன் அவர்களை அனுப்பிவைத்தார். வேறு ஒன்றும் இல்லை.

சாலா


புதுச்சத்திரம்
4.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு, நலமாக இருக்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பேன். இந்தத் தடவை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

போன கடுதாசிக்குப் பதில் வரவில்லை. தபால்காரர் வண்டி ஹாரன் என்று வாசலுக்கு ஓடுகிறேன், லாரியாக இருக்கிறது. சடையனைத் திட்டிக்கொண்டு திரும்பி வருகிறேன். உங்கள் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. யார்டு நம்பருக்குப் போன் செய்தால் யாரோ இந்தியில் பேசி வைத்துவிட்டார். நான் பேசின தமிழ் அவருக்கு எப்படி இருந்ததோ.

தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன். கை கணக்குத் தெரியாமல் நிறையச் சுட்டுவிட்டேன். நல்லவேளையாக ஷஹர்பானு வந்தது. வீட்டுக்காரர் இல்லாமல் பஸ் ஏறித் தனியாக வந்து, சும்மா வந்தேன் என்றது. அதிரசம் தின்றுகொண்டே வீட்டைச் சுற்றி வந்து, "இந்த ஜன்னலுக்குப் பச்சைத் திரை போடணும்" என்றது. அது நான் படுக்கிற அறை ஜன்னல். நல்ல யோசனை என்று சொன்னேன்.

தையில் கிரயம் வைத்துக்கொள்ளலாம் என்று கரீம் பாஷா சொல்லி அனுப்பியிருக்கிறார். காளியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொன்னேன்ல, தை வரைக்கும் பொறுன்னு" என்கிறார். அவர் ஆவணி என்றுதான் சொன்னார்.

மழை நல்ல மழை. மாடி ஒழுகவில்லை, நீங்கள் சொல்லிப் பூசினதுதான் காரணம். அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

சாலா


ராய்ப்பூர்
27.11.2024

சாலாவுக்கு. சுகம்தான். கொஞ்சம் வேலை, எழுத முடியவில்லை. பேனா சரியில்லை, எழுத்து இப்படித்தான் வருகிறது.

கரீம் பாஷா நல்ல ஆள் மாதிரித் தெரிகிறது. ஓதத்தைப் பார்த்தும் பின்வாங்காதவன் வாங்குவான். தையில் முடித்துவிடு. கையெழுத்துக்கு நான் வருகிறேன். அதுவரை அவரிடம் முன்பணம் எதுவும் வாங்காதே, கையெழுத்து அன்று ஒரே முட்டாக வைத்துக்கொள்ளலாம். வீட்டை ஒழிக்கும்போது அப்பாவின் மரப்பெட்டியைத் தூக்கிக்கொள், கனம் என்று விட்டுவிடாதே.

ஒன்று கேட்க வேண்டும். தண்ணீர் உப்பு என்று ஏன் சொன்னாய்?

செங்கோடன்


புதுச்சத்திரம்
12.12.2024

அண்ணா, உங்கள் எழுத்தைப் பார்த்ததில் பாதி உயிர் வந்தது. மீதி வரவில்லை. பேனா சரியில்லாவிட்டால் எழுத்து மங்கும், சாயாது. உங்கள் எழுத்து காற்றடித்த சோளக்காடு மாதிரிச் சாய்ந்து கிடக்கிறது. நான் அஞ்சாவதுதான், ஆனாலும் உங்கள் கை தெரியாதா? என்ன ஆச்சு என்று எழுதுங்கள்.

கார்த்திகையில் குமாரபாளையம் போய்வந்தேன். இனி இருக்கப்போகிற இடம் என்று கொஞ்ச நாள் தங்கிப் பார்த்தேன். தேவிப்ரியாவும் மாப்பிள்ளை கௌசிக்கும் தங்கமாக நடத்தினார்கள். எனக்கென்று அறை, கட்டில், காற்றாடி, எல்லாம் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் தறிப்பட்டறை. விடிந்தது முதல் பொழுது சாய்கிற வரை தறி ஓடுகிறது.

அங்கே யாரும் குரலில் பேசுவதில்லை அண்ணா, வாயசைவிலேயே பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது. பேத்தி தீபிகா என்னிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். என்ன கண்ணு என்று கேட்டேன், திரும்பச் சொன்னாள். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கேட்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நானும் சிரித்துவைத்தேன். சாப்பிடும்போதும் அப்படித்தான், எல்லாரும் சிரித்தால் சிரித்தேன். உங்களை நினைத்துக்கொண்டேன். போனில் "சரி, சரி" என்று சொல்லிச் சிரிப்பீர்களே, அது எப்படி வருகிறது என்று இப்போதுதான் தெரிந்தது. இத்தனை நாள் கேலி பண்ணிவிட்டேன்.

கரண்டு நின்றதும் தறி நின்றது. அந்தக் கொஞ்ச நேரம் எல்லாரும் பேசினோம். பிறகு கரண்டு வந்துவிட்டது.

இங்கே திரும்பி வந்ததும் முதலில் ஒரு முட்டை லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. நல்லா இருக்கிறேன் என்று அதற்குச் சொன்னேன்.

மார்கழி பிறக்கப் போகிறது. இனி யாரும் வரமாட்டார்கள் என்கிறார் காளியண்ணன்.

தண்ணீர் விஷயம் கேட்டீர்கள். மறந்துவிட்டேன், அடுத்த கடுதாசியில் எழுதுகிறேன். உங்கள் கை என்ன ஆச்சு என்று முதலில் நீங்கள் எழுதுங்கள்.

சாலா


ராய்ப்பூர்
2.1.2025

அம்மிணி சாலா, நல்லா இருக்கிறாயா. இந்த வருசமாவது முழங்காலுக்கு டாக்டரைப் பார்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். புரட்டாசிக் கடைசியில் யார்டில் ஒரு லாரி பின்னால் வந்தது. நான் சாமான் எடுத்துக்கொண்டு குனிந்திருந்தேன். டிரைவர் ஹாரன் அடித்தானாம். எல்லாரும் சொன்னார்கள், நிறையத் தடவை அடித்தானாம். வலது கை போல்ட் வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். இது இடது கையால் எழுதுவது. முதலாளி ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துக்கொண்டார். நான்தான் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன். இப்போது கட்டு பிரித்துவிட்டார்கள். டம்ளர் பிடிக்க வருகிறது.

கட்டிலில் கிடந்தபோது உன் கடுதாசிகளையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தேன். ஓதத்தைக் காட்டினாய், அது உண்மை. மேற்கு அறையை வெயிலில் காட்டினாய், அதுவும் உண்மை. உப்பு என்றாயே, அது பொய். நீ பொய் சொல்கிறவள் இல்லை. அதுவும் நான் போட்ட போரை.

நீ மகளோடு போக ஆசைப்படுகிறாய், நான் பத்திரத்தில் பெயர் வைத்துக்கொண்டு தடையாக இருக்கக் கூடாது என்றுதான் விற்கச் சொன்னேன். காது இல்லாதவனைக் கூட வைத்துக்கொண்டு கத்திக் கத்தி உனக்குத் தொண்டை போக வேண்டாம் என்றும் இருந்தது. அந்த வீட்டில் நீ இல்லாமல் நான் இருந்து என்ன செய்ய? அதனால் இங்கேயே இருந்துவிடுவதாக எழுதினேன்.

வீடு விற்கிறவர்களுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், கேட்டுக்கொள். இரண்டு பேர் பெயரில் இருக்கிற சொத்தை ஒருத்தர் மட்டும் விற்க முடியாது. இன்னொருத்தர் கையெழுத்து வேண்டும். எனக்குக் கை சரியில்லை. சரியானாலும் போடுவதாக இல்லை.

கரீம் பாஷாவிடம் மரியாதையாகச் சொல். தண்ணீர் இனிப்புதான் என்றும் சொல்லிவிடு.

டாக்டர் விட்டதும் ரயில் ஏறுகிறேன். தை முடிவதற்குள் சேலத்தில் இறங்கி பஸ் பிடித்து வருவேன். வடக்கு அறையில் கட்டில் போடு. ஓதம் எனக்கு ஒன்றும் செய்யாது. நீ பேச வேண்டியதைப் பேசு, கேட்காவிட்டால் திரும்பச் சொல். மூன்றாவது தடவையும் நான் கேட்பேன், உனக்குச் சலிப்பு வரக் கூடாது.

பலகையில் விற்பனைக்கு என்பதை மட்டும் மாற்றச் சொல். வீடு என்று திருத்தச் சொன்னேனே, அது வேண்டாம். ஊடாகவே இருக்கட்டும்.

அண்ணன்


புதுச்சத்திரம்
30.1.2025

என் அண்ணனுக்கு, சாலா. இங்கே எல்லாம் சௌக்கியம். உங்கள் கை எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம், கொண்டுவந்து காட்டுங்கள்.

உங்கள் கடுதாசியைப் படித்துவிட்டு அன்றைக்குப் பண்ணைக்குப் போகவில்லை. அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை, அதனால் இதோடு விடுகிறேன். லாரிக்காரனைத் திட்ட வேண்டும் போல இருந்தது. அவன் அடித்துத்தானே இருக்கிறான் என்று பிறகு சடையனைத் திட்டினேன். அவனுக்கு எதற்கென்று தெரியாது, வாங்கிக்கொண்டான்.

கரீம் பாஷா வீட்டுக்கு நானே சேலம் போய்ச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் "தண்ணி உப்பில்லீங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முழித்தார். ஷஹர்பானுதான் சிரித்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல இவர்கிட்ட? வீட்டுல இருக்கற குறையெல்லாம் அந்தக்கா கையப் பிடிச்சு இழுத்துக் காட்டுது, அது விக்கிறதுக்கு வெச்ச வீடு இல்லன்னு."

"அப்புறம் ஏம்மா ஜன்னலுக்குத் திரை பாத்தீங்க?"

"நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்களான்னு பாத்தேன். நல்ல யோசனைன்னுட்டீங்க!"

கரீம் பாஷாவுக்கு வருத்தம்தான். தையில் குடிபோக எண்ணியிருந்த மனுசன். அயோத்தியாப்பட்டணத்தில் வேறொரு இடம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். வாங்குவதற்கு முன் ஒரு தடவை போய் மாடிக் கைப்பிடிச் சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள், தண்ணீர்க் குழாயில் இலை இருக்கிறதா பாருங்கள் என்று உங்கள் யோசனைகளையெல்லாம் என் யோசனை மாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன். கிளம்பும்போது ஷஹர்பானு, "ஊடு வாங்கலேன்னா காபி கிடையாதாக்கா?" என்று கேட்டது. வேண்டுமென்றே ஊடு என்றது. டம்ளர் நிறைய இருக்கிறது என்றேன்.

தேவிப்ரியாவிடமும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் அழுதது, கொஞ்சம் நிம்மதியும் பட்டது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாதாம், தீபிகாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவள் அன்றைக்கு என்ன சொல்லிச் சிரித்தாள் என்று கேட்க வேண்டும்.

வடக்கு அறையில் கட்டில் போட்டாயிற்று. ஓதத்துக்குத் தள்ளித்தான் போட்டிருக்கிறேன், நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன்.

பலகை விஷயம். சடையனைக் கூப்பிட்டு "இந்த ஊடு விற்பனைக்கு இல்லை" என்று எழுதச் சொன்னேன். இல்லை என்பதற்கு இடம் இல்லை என்றான். ஒலி எழுப்பவும் என்பதை அழித்துவிட்டு அங்கே எழுது என்றேன். அதற்கு மனசு வரவில்லை, அதுதான் அவன் எழுதினதிலேயே நல்ல எழுத்தாம். கடைசியில் எழுத்தையெல்லாம் நெருக்கி ஒரு பக்கத்தை எழுதி முடித்தான். நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்தேன். மறுபக்கம் போவதற்குள் சிவப்புப் பெயிண்ட் தீர்ந்துவிட்டது. வாங்கிவரக் கிளம்பினவன், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கூட்டம் ரோட்டில் போனதைப் பார்த்து அதோடு சேர்ந்து நடந்துவிட்டான். பிரஷ்ஷையும் கொண்டுபோய்விட்டான்.

ஆகவே இப்போது நாமக்கல் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஊடு விற்பனைக்கு இல்லை. சேலம் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு விற்பனைக்கு. நேற்று சேலத்திலிருந்து ஒருவர் வந்து வீட்டை முழுக்கப் பார்த்தார். நான் விளக்கிச் சொல்வதற்குள் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். திரும்பிப் போகும்போது பலகையின் அந்தப் பக்கத்தைப் படித்தார். வண்டியை நிறுத்தினார். ஹாரன் அடித்தார். மறுபடி உள்ளே வந்தார். காபி போட்டேன்.

நீங்கள் சேலம் பக்கமிருந்துதான் வருவீர்கள்.

சாலா